செங்கவருக்கை மரத்து முசுறு

மாடியில் தொட்டி வைத்தும் வீட்டைச் சுற்றிக் குழி எடுத்தும் பழமரம் வளர்க்கிற என் வயது நண்பர்களே, நாம் கூடும்போதெல்லாம் நீங்கள் என் அப்பாவின் தோட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். வேப்பம்பிண்ணாக்கை எப்படி ஊறப் போடுவார், வவ்வால் கடிக்காமல் பலாச்சக்கையை எப்படி ஓலையில் பொதிவார் என்று. பேச்சு முடியும்போது யாராவது ஒருவர் மீன்காரியின் மகளை நினைவுபடுத்துவார். சரியான நேரத்தில் வாய் திறந்து ஓர் உயிரைக் காப்பாற்றிய பையன் நீதானே என்று என் முதுகில் தட்டுவார். நானும் சிரித்து வைப்பேன். அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதியை எழுதித் தந்துவிடுகிறேன். நேரில் சொல்ல எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் விளை, அதாவது தோட்டம், பெரியது ஒன்றுமில்லை. ஆனால் அப்பா அதில் ஓர் அடி மண்ணைக்கூடச் சும்மா விடவில்லை. அயினி, வருக்கைச் சக்கை, சாம்பை, மட்டி வாழை, கிணற்றடியில் புளிச்சிக்காய். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு செங்கவருக்கை மாமரம். பழுத்தால் தோலில் செம்மை ஏறும்; விளை முழுக்க மணக்கும். முள்முருங்கை வேலிக்கு அப்பால் சித்தப்பாவின் நெல்வயல். சித்தி இறந்த பிறகு சித்தப்பா அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன வாசல் உண்டு. சாப்பாடு அந்த வழியாகத்தான் அவருக்குப் போகும்.

வயலுக்கு மருந்தடிக்கும் பழக்கம் எங்கள் ஊருக்கு வந்த புதிது அது. சித்தப்பா அடித்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தாலுகா ஆபீசிலிருந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளைக்குள் இறங்கும் அப்பா, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "எனக்க விளையில மருந்து ஏறாது" என்பார்.

சித்தப்பா வரப்பில் நின்றபடியே பதில் சொல்லுவார். "அண்ணனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. எறும்ப வளத்தே கஞ்சி குடிச்சிரலாம். எனக்கு நெல்லு வெளையணும்லா?"

"ஒனக்க நெல்ல நீயே தின்னு. எனக்க பிள்ளையளுக்கு நான் மாங்கா குடுப்பேன்."

"அப்ப இண்ணைக்கு ராத்திரி சோத்துக்குப் பதிலா மாங்காதானா அண்ணே?"

இப்படியே போகும். அம்மா கிணற்றடியில் நின்று சிரிப்பாள். அவர்களுக்குள் அன்று பகை கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா சொன்ன எறும்பு, முசுறு. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. மாவில் முசுறு இருந்தால் பூவில் தத்துப்பூச்சி நிற்காது, காயில் ஈ முட்டையிடாது. அப்பா அயினி மரத்திலிருந்து கூடுகளைச் சாக்கில் பொதிந்து கொண்டுவந்து மாமரத்தில் கட்டினார். மரத்துக்கு மரம் கயிறு இழுத்துக் கட்டி அவற்றுக்குப் பாதை போட்டார். தீனிக்கு மீன்கழிவு. சிக்கல் அங்கேதான் வந்தது. நாங்கள் சைவம். வீட்டுக்குள் மீன் நுழைந்ததே இல்லை. கடியப்பட்டணத்திலிருந்து தலையில் மீன்கூடைக் கடவத்தோடு வரும் மீன்காரி பின்வேலிப் படலருகே வந்து குரல் கொடுப்பாள். செதிலும் குடலும் தருவாள். பதிலுக்கு அப்பா மாங்காயோ வாழைக்காயோ தருவார்.

"சைவ வீட்டு நடையில மீன் செதிலு கெடக்கத நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவா?" என்று அம்மா கேட்டாள்.

"மரத்துக்கு என்னட்டி சைவம்?" என்றார் அப்பா.

நாலு பேர் சொல்லத்தான் செய்தார்கள். வகுப்பில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. "ஏலே சைவ மீனு, இண்ணைக்கு உங்க வீட்டுல சாளையா அயிலையா?" என்பார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மரத்தில் ஏறுவதுதான் முடியவில்லை. அப்பாவின் முழங்கால் ஏறுவதற்கு ஒத்துழைக்காது. ஆகவே கழிவைக் கமுகம்பாளையில் பொதிந்து கவட்டைக் கிளையில் கட்டுவது என் வேலை. நான் ஏறத் தொடங்கும்போதே அவற்றுக்குத் தெரிந்துவிடும். கிளையின் விளிம்பில் வரிசையாக வந்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கும். கூடு லேசாக அசைந்தால் உள்ளேயிருந்து காய்ந்த இலையில் தூறல் விழுவதுபோல ஒரு சத்தம் வரும். கழுத்து, காது, அக்குள் என்று கடிக்கும். கடித்த இடத்தில் பின்பக்கத்தை வளைத்து எரிநீரைப் பீய்ச்சும். ஒருமுறை கண்ணிமையில் கடித்தது. இரண்டு கையும் கிளையில் இருந்ததால் தட்டிவிடக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு மீன்காரியின் குரல் தெருமுனையில் கேட்டாலே என் கை தானாகக் கண்ணிமைக்குப் போகும்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா என்னைப் பற்றி வேறு விதமாக நினைத்திருந்தார். விளையைப் பார்க்க வருகிறவர்களிடம் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இவன்தான் ஏறுகது. பயம்னா என்னாண்ணு இவனுக்குத் தெரியாது" என்பார். அப்பா என்னைப் புகழ்ந்தது அந்த ஒன்றுக்காகத்தான். அதை இழக்க எனக்கு மனமில்லை.

மாங்காய் பழுக்கத் தொடங்கிய கோடை விடுமுறை. ஒரு மத்தியானம் அப்பா ஆபீசில். அம்மா உறக்கம். சித்தப்பா கோட்டாற்றுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். நடுவாசல் வழியாக அவர் மாட்டுத் தொழுவத்துக்குள் போனேன். உத்தரத்தின்மேல் வயல் மருந்தின் பழுப்பு நிறக் குப்பி இருந்தது. மண்டையோட்டுப் படம் ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்ததும் அழுகிய பூண்டு வாசம் வந்தது. ஒரு சிரட்டையில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் விட்டேன். பால்போல வெளுத்தது. சித்தப்பா ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடிதான் ஊற்றுவார் என்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. மறுபடியும் ஊற்றினேன்.

மாமரத்துக் கிளை எட்டும் சுவர்மேல் ஏறி நின்று, தென்னங்கீற்று நுனியை அதில் தோய்த்துத் தாழ்ந்த கிளைகளிலிருந்த கூடுகள்மேல் வீசினேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முசுறுகள் சிவப்பு மணல்போலக் கொட்டத் தொடங்கின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. இனி ஏற வேண்டாம் என்ற சந்தோஷம்.

குப்பியை இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பும்போது தலை சுற்றியது. வாய்க்கால் கரையில் வாந்தி எடுத்தேன். மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். வாசம் போகவில்லை. செத்த எறும்புகளைச் சருகோடு கூட்டிச் சக்கைமரத்து அடியில் தள்ளினேன். இலைகளை நிமிர்ந்து பார்த்தேன். பழங்களைப் பார்க்கவில்லை.

மறுநாள் அப்பாவுக்கு ஆபீஸ் இல்லை. காலையிலேயே மரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முசுறு ஒண்ணையும் வெளிய காணல. மழ வரப்போவு, கேட்டியா. அதுக்கு மின்னயே தெரியும்" என்றார்.

மழையை எண்ணி அவருக்குச் சந்தோஷம். தப்பித்தேன் என்று எனக்கும். அப்போதுதான் படலருகே மீன்காரியின் குரல் கேட்டது. அன்று மகளையும் கூட்டி வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். மாமரத்தைப் பார்த்ததும் தன் அம்மாவின் சேலையை விட்டுவிட்டாள்.

அப்பா கைக்கெட்டிய கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து அவளிடம் நீட்டினார். நான் வீசியது அந்தக் கொத்தின்மேல்தான். தோலில் வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்ததை நான் பார்த்தேன். அப்பா காம்பில் வடிந்த மாம்பால் என்று நினைத்திருப்பார்.

"இரும் ஐயா, கழுவிக் குடுக்கேன்" என்றாள் மீன்காரி.

"கழுவாண்டாம் மோளே, அப்படியே கடி. எனக்க மாங்காயில தூசியத் தவிர வேற ஒண்ணும் இருக்காது."

நான் வாயைத் திறந்தேன். நிச்சயமாகத் திறந்தேன். அப்பா என் தோளைப் பிடித்து அவர்கள் முன்னால் நிறுத்தினார். "இவன்தான் எறும்புக்குத் தீனி வைக்கது. பயம்னா என்னாண்ணு தெரியாது."

வாய் மூடிக்கொண்டது.

அவள் தோலைப் பல்லால் உரித்து, உரித்த தோலையும் சப்பினாள். சாறு முழங்கைவரை வழிந்தது. அதையும் நக்கினாள். "தேன் போல இருக்கும்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெறித்துக்கொண்டு நின்றதை ஆசை என்று நினைத்தாள்போல. பழத்தை என் பக்கமாக நீட்டினாள்.

"அண்ணனுக்கு ஒரு கடி வேணுமா?"

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

நண்பர்களே, என் வாழ்நாளில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே இதைத்தான் திரும்ப எடுக்க ஆசைப்படுகிறேன். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தது. உனக்கும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

அவர்கள் வடசேரி பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். முசுறு செத்தால் மனுஷர் சாவார்களா என்று யோசித்தேன். சாமியிடம் பேரம் பேசினேன். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கதவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வெயில் ஏறியபோது, சந்தைக்குக் காய் கொண்டுபோன பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமலேயே ஓடி வந்தார்.

"அந்த மீன்காரி பிள்ள பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டு. வாயில நொரை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. உங்க வீட்டு மாங்கா தின்னதா அம்மக்காரி கெடந்து கதறுகா."

அப்பா என்னைத் தூக்கிச் சைக்கிள் கம்பியில் வைத்தார். "நீ பக்கத்துல நின்னல்லா. டாக்டர் கேட்டா சொல்லணும்."

வழி முழுக்க அவர் மூச்சு என் உச்சியில் சுட்டது. தனக்குத் தானே பேசிக்கொண்டு மிதித்தார். "புகையிலைத் தண்ணிதான். முந்தாநாளு கத்திரிக்குத் தெளிச்சேன். காத்துல கெளம்பி மாங்காயில பட்டிருக்கும். வேப்பெண்ணெயோட நிறுத்தியிருக்கணும். நான் ஒரு பாவி." புகையிலைக் காம்பை வேகவைத்து, சோப்பு கலந்து அவர் தெளிப்பது எங்களுக்குப் பழக்கமான காரியம். அவர் தன்னையே பழித்துக்கொள்ளக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் வியர்வையில் நனைந்து கிடந்தாள். கன்னச் சதை தானாகத் துடித்தது. பின்னலில் எச்சில் வழிந்திருந்தது. டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருமணி கடுகளவு சுருங்கியிருந்தது.

"எனக்க தப்புதான் சார். புகையிலைத் தண்ணி தெளிச்சிருந்தேன்" என்றார் அப்பா.

"புகையிலை மட்டும்தானா? வயலுக்கு அடிக்கிற மருந்து ஏதாவது?"

"எனக்க விளையில மருந்து ஏறாது சார். சத்தியமா சொல்லுகேன்."

டாக்டர் அவள் நாடியைப் பிடித்தார். "பாத்தா வயல் மருந்து மாதிரிதான் இருக்கு. அதுக்கான ஊசிய நெறைய போடணும். மருந்து படலேன்னா அந்த ஊசியே பிள்ளைக்கு ஆபத்து. யாராவது உறுதியா சொல்லணும். நேரமில்ல."

மீன்காரி அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "வல்லதும், எதாவது உண்டுண்ணா சொல்லும் ஐயா. எனக்கு இது ஒண்ணுதானாக்கும்."

அப்பா கைகூப்பி நின்றார். அவர் தன் விளையை நம்பிச் சொன்ன வார்த்தைதான் அவள் சாவுக்கு வழி திறந்து வைத்திருந்தது. டாக்டர் என் பக்கம் குனிந்தார். "தம்பி, நீ எதையாவது பாத்தியா?"

கட்டிலிலிருந்து பூண்டு வாசம் வந்தது. அவளிடமிருந்து வந்ததா, என் கையிலிருந்தா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் அவள் சாவாள். சொன்னால் அப்பாவுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்துகொண்டேன்.

"சித்தப்பா நேத்து வயலுக்கு மருந்தடிச்சாவ. காத்து எங்க விளைக்குத்தான் அடிச்சு."

"நீ பாத்தியா?" என்று அப்பா கேட்டார்.

"பாத்தேன்."

குப்பி எப்படி இருக்கும் என்று டாக்டர் கேட்டார். நிறம், படம், வாசம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். அவர் ஓடினார். ஊசி போட்டார்கள், மீண்டும் மீண்டும். மாலையில் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். மீன்காரி என் இரண்டு கைகளையும் இழுத்து முகத்தில் ஒற்றி முத்தமிட்டாள். "நீ நல்லாயிருக்கணும் மக்கா. மாதா உன்ன காப்பா" என்றாள். நான் கையை உருவப் பார்த்தேன். அவள் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவாசல் வழியாகச் சித்தப்பா வீட்டுக்குள் போனார். நான் பின்னால் நின்றேன். தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"எறும்ப வளக்கேன்னு சிரிச்சேல்லா. இண்ணைக்கு ஒனக்க மருந்து ஒரு பிள்ளையக் கொல்லப் பாத்துட்டு."

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நேத்து நான் வயலுக்கே..." என்று தொடங்கினார். அப்பாவின் இடுப்பருகே என் முகம் தெரிந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு தொழுவத்துப் பக்கம் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே நிக்கரை நனைத்தேன்.

"காத்து மாறி அடிச்சிருக்கும் அண்ணே. நான் கவனிக்கல" என்றார்.

"இனி எனக்க வாசல்ல நீ ஏறாண்டாம்."

மறுநாள் கொத்தனார் வந்து நடுவாசலைக் கல் வைத்து அடைத்தார்.

சில நாள் கழித்துச் சித்தப்பா என்னை வாய்க்கால் கரையில் பிடித்தார். ஓட முடியவில்லை. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"குப்பி நெறைய கொறஞ்சிருந்து" என்றார்.

நான் அழுதேன்.

"அழாதல. அத நான் பூட்டி வச்சிருக்கணும். எனக்கும் அதுல பங்கு உண்டு. ஒங்கப்பன் இப்பம் அறிஞ்சாம்னா ஒன்னையக் கொண்ணே போடுவான். எங்கிட்டேயிருந்து ஒண்ணும் வெளிய வராது. ஒனக்குத் தெம்பு வரும்ப நீயே சொல்லு."

அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும், இன்றைக்கா, இன்றைக்கா என்று ஒரு பயத்தோடு எழுந்தேன். வளர வளரத் தெம்பு கூடும் என்று அவர் நினைத்தார். சொல்லாமல் விட்ட காலம்தான் கூடியது. ஒரு வருஷத்துப் பொய்யைச் சொல்வதற்கே பயம் என்றால், இருபது வருஷத்துப் பொய்யை எப்படிச் சொல்வது?

இதற்கிடையில் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. அப்பா போகிற இடமெல்லாம் சொன்னார். வயலோரத்தில் ஆடாதோடையை நெருக்கி நட்டால்தான் காற்றில் வரும் மருந்து தடுக்கப்படும் என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். உங்களில் சிலர் இன்றும் அப்படித்தான் வேலி வைத்திருக்கிறீர்கள். வேலி நல்லதுதான், பிடுங்க வேண்டாம். ஆனால் அது என் பொய்யிலிருந்து முளைத்தது. சித்தப்பாவின் வாழைக்குலையைத் தெருவில் யாரும் வாங்குவதில்லை. விசேஷ வீடுகளில் அவர் கொண்டுவந்த காய்கறியை ஓரமாக வைத்துவிட்டு, அவர் போனதும் மாட்டுக்குப் போடுவார்கள். அம்மா அவருக்குச் சோறு கொடுத்தனுப்புவது நின்றது. அவர் அடுப்பில் புகையும் வாசம் மதில் தாண்டி வரும். கருகிய வாசம். எதிரே பார்த்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். சித்தப்பா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதில் கேலி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன். சித்தப்பா படுத்த படுக்கையானபோது விடுப்பெடுத்து வந்து ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தேன். வேறு ஆளில்லை. அப்பா தடுக்கவில்லை, வரவுமில்லை. கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் நெல்விலையைக் கேட்டார். மழை பெய்ததா என்று கேட்டார். கடைசி நாளில் கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் நாங்கள் இருவர்தான். அப்போதாவது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலையணையைச் சரி செய்தேன்.

பிள்ளை இல்லாதவருக்குத் தம்பி முறையோ மகன் முறையோ உள்ளவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். நான்தான் வைத்தேன். குளித்து ஈரத்துணியோடு திரும்பியபோது அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருவில் இறங்கவில்லை. ஆனால் காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார் என்று அம்மா பிறகு சொன்னாள். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுப்பா."

அப்பா சித்தப்பாவின் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கடைசியில அவன் வல்லதும் சொன்னானா?"

"இல்லப்பா. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அப்பாவிடம் இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.